விளக்கெரியும் மேசைக் கோட்டைகள்: மினியேச்சர் நிலப்பரப்பு செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கற்பனை உலக மேசை விளையாட்டு ஆடுபவர்கள் கட்டம் போட்ட தாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கோட்டை, குகை, அருவி எல்லாவற்றையும் கையால் கட்டலாம், உள்ளே விளக்கும் எரிய விடலாம். அதற்கு வேண்டிய பெரும்பாலான சாமான் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்க் கடைத்தெருவிலேயே கிடைக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த விளக்கையும் பிறகு கை போய்த் தொடமுடியாத இடத்தில் ஒட்டிப் புதைக்காதீர்கள். கீழே உள்ள பதில்களில் சில இந்த விதியிலிருந்து வருபவைதான்.

எந்த அளவில் கட்டுவது?

கடையில் வாங்கும் மினிகள், அதாவது ஆட்டத்தில் நகர்த்தும் சிறு உருவப் பொம்மைகள், பெரும்பாலும் 28 அல்லது 32 மி.மீ. அளவில் இருக்கும். தோராயமாக நிஜத்தில் அறுபதில் ஒரு பங்கு. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் இன்றைய வழக்கப்படி ஒரு அங்குலக் கட்டம் என்பது ஐந்து அடி. மினியின் அடித்தட்டு 25 மி.மீ. என்பதால் கட்டத்துக்குள் சரியாக உட்காரும். அறைச் சுவரை 40 முதல் 50 மி.மீ. உயரத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. நடைபாதையை இரண்டு கட்ட அகலத்துக்கு விடுங்கள். மினி ஒரு கட்டத்தில் நின்றுவிடும், அதைத் தூக்கப் போகும் விரல்களுக்குத்தான் இடம் வேண்டும்.

தெர்மாகோல் போதுமா?

மலைக்குப் போதும், செங்கல் சுவருக்குப் போதாது. டிவி, ஃபிரிட்ஜ் பெட்டியில் வரும் வெள்ளைத் தெர்மாகோல் உருண்டை உருண்டையாகப் பிரிந்து வரும், நுண்ணிய வேலைப்பாடு அதில் நிற்காது. நுண்வேலைக்கு எக்ஸ்பிஎஸ் பலகை வேண்டும். மொட்டை மாடியில் வெயில் இறங்காமல் இருக்கப் பதிப்பார்களே, நீலம், இளஞ்சிவப்பு, பச்சை நிறங்களில் வரும் அடர்த்தியான பலகை, அதுதான். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் வெட்டிப்போட்ட துண்டுகளே ஒரு கோட்டைக்குத் தேறும். அதில் பால்பாயின்ட் பேனாவால் கோடு இழுத்தால் கல் இடுக்கு. கசக்கிய அலுமினியத் தாள் உருண்டையை அழுத்தி உருட்டினால் பாறையின் சொரசொரப்பு.

வெட்டுவதற்கு 18 மி.மீ. கட்டர் கத்தி போதும். பலகையை ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல் மூன்று முறை மெதுவாக இழுங்கள். பிளேடு சற்று மழுங்கினாலும் நுரை பிய்ந்துகொண்டு வரும், ஆகவே முனையை அடிக்கடி ஒடித்துப் புதுமுனைக்கு வாருங்கள். சூடான கம்பியால் வெட்டுவதானால் சன்னலைத் திறந்து வையுங்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது.

எந்தப் பசை? பெயிண்ட் அடித்ததும் சுவர் உருகிவிட்டதே, ஏன்?

இரண்டு கேள்விக்கும் காரணம் ஒன்றே. தெர்மாகோலும் எக்ஸ்பிஎஸ்ஸும் பாலிஸ்டைரீன். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் கலந்த எது பட்டாலும் கரையும். வெள்ளை ஃபெவிக்கால் எஸ்எச் தண்ணீரில் ஆனது, பயமில்லை. மஞ்சளாக வரும் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை, நுரையைத் தின்றுவிடும். ஃபெவிக்விக்கும் அப்படியே. ஸ்பிரே பெயிண்ட் டப்பாவில் உள்ள கரைப்பானும் அதே வேலையைச் செய்யும்.

ஃபைபர் வேலை செய்யும் கடையில் கிடைக்கும் ரெசின் பாலியஸ்டர் வகை, அதிலும் ஸ்டைரீன் உண்டு. நுரைமேல் ஊற்றினால் ஊற்றிய இடம் குழியாகும். ரெசினில் குளம் செய்ய நினைத்தால் எபாக்ஸி வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் 3 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் இறுகும்போது சூடேறிக் கொதிக்கும், நுரையும் நெளியும்.

ஃபெவிக்காலிலும் ஒரு தொல்லை உண்டு. இரண்டு பெரிய நுரைப் பலகைகளுக்கு நடுவில் தடவினால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நான்கு நாள் ஆனாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். விளிம்பில் சிறு பொட்டுகளாக வைத்து, பல்குத்தும் குச்சியை ஆணிபோலச் செருகிவிடுங்கள். அவசரமென்றால் 20 வாட் சூட்டுப் பசைத் துப்பாக்கி சரி. வந்த பசையை ஐந்து விநாடி அட்டைமேல் ஆறவிட்டு ஒட்டினால் குழி விழாது.

பூச்சுக்கு: ஃபெவிக்கால் ஒரு பங்கு, கறுப்பு அக்ரிலிக் பெயிண்ட் ஒரு பங்கு, பிரஷ் ஓடும் அளவுக்குத் தண்ணீர். இரண்டு முறை பூசி ஓர் இரவு காயவிடுங்கள். சுவர் கெட்டிப்படும், கீறல் விழாது. "பூச்சு இருக்கிறதே" என்று அதன்மேல் ஸ்பிரே அடிக்க வேண்டாம், ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் உள்ளே புகுந்துவிடும்.

எந்த எல்இடி, எத்தனை ஓம் ரெசிஸ்டர்?

சிவப்பும் மஞ்சளும் எரிய ஏறத்தாழ 2 வோல்ட் போதும். வெள்ளை, நீலம், பச்சைக்கு 3 வோல்ட் வரை வேண்டும். பெட்டியில் 20 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் அவ்வளவு விடாதீர்கள். குகை விளக்கு ஆட்டோ ஹெட்லைட் மாதிரி எரிந்தால் அருகில் உள்ள மினியின் வண்ணமெல்லாம் வெளுத்துப்போகும். 5 மில்லி ஆம்பியர் போதும். 2 கூட நன்றாக இருக்கும்.

மின்சாரத்தை இப்படி அடக்கத்தான் எல்இடியின் ஒரு காலோடு ரெசிஸ்டர் (மின்தடை) சேர்க்கிறோம். எத்தனை ஓம் என்ற கணக்கு எளிது. பேட்டரி வோல்ட்டிலிருந்து எல்இடி வோல்ட்டைக் கழித்து, வேண்டிய ஆம்பியரால் வகுக்க வேண்டும். யுஎஸ்பி 5 வோல்ட், வார்ம் ஒயிட் எல்இடி 3 வோல்ட்: மீதி 2 வோல்ட்டை 0.005 ஆல் வகுத்தால் 400 ஓம். கடையில் 390 அல்லது 470 கிடைக்கும், 470 வாங்குங்கள். அதே 5 வோல்ட்டில் சிவப்புக்கு 600 ஓம் வரும், 680 போடுங்கள். மூன்று பென்சில் செல் என்றால் 4.5 வோல்ட், வெள்ளைக்கு 330 ஓம். அந்த இடத்தில் ரீசார்ஜ் செல் போட்டால் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், மொத்தம் 3.6. வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எல்இடி கெட்டுப்போனதென்று நினைத்துக் கழற்றிவிடாதீர்கள்.

நீளமான கால் பாசிட்டிவ். காலை வெட்டிவிட்டால் விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ்.

எல்லா எல்இடிக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் என்ன?

சிவப்பும் வெள்ளையும் கலந்து போட்டால் சிவப்பு மட்டும் எரியும், வெள்ளை செத்ததுபோலக் கிடக்கும். சிவப்பு 2 வோல்ட்டிலேயே மின்சாரத்தையெல்லாம் வாங்கிக்கொள்கிறது, வெள்ளைக்கு வேண்டிய 3 வோல்ட் வரைக்கும் ஏறவே விடாது. ஒரே நிறமாக இருந்தாலும் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மங்கலாகவும் எரியும். ஒரு எல்இடிக்கு ஒரு ரெசிஸ்டர். விலை மிகக் குறைவுதான், அதில் சிக்கனம் வேண்டாம்.

பேட்டரியா, பவர் பேங்க்கா?

தனியாக நிற்கும் ஒரு சிறு நிலப்பரப்புத் துண்டுக்குச் சிஆர்2032 பட்டன் செல் போதும். அதன் உள்தடையே மின்சாரத்தை அடக்கிவிடுவதால் ஒற்றை வெள்ளை எல்இடிக்கு ரெசிஸ்டர் இல்லாமலே ஓடும். ஆனால் அதன் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர் மணிதான், அணைக்க மறந்தால் மறுநாள் வெளிச்சம் வாடிவிடும். ஆறு எல்இடி உள்ள கோட்டை 30 மில்லி ஆம்பியர் இழுக்கும். மூன்று ஆல்கலைன் பென்சில் செல்லில் அறுபது மணி நேரம் வரை ஓட்டலாம். 9 வோல்ட் சதுர பேட்டரியைப் பலரும் வாங்குகிறார்கள். அதைப் பரிந்துரைக்க மாட்டோம். விலை கூட, கொள்ளளவு குறைவு, மிஞ்சும் வோல்ட்டெல்லாம் ரெசிஸ்டரில் சூடாகப் போகிறது.

பவர் பேங்க் பற்றி வரும் புகார் எப்போதும் ஒன்றே: "அரை நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது." பெரும்பாலான பவர் பேங்க்குகள், இழுக்கும் மின்சாரம் மிகக் குறைந்தால் போன் ஏறி முடிந்தது என்று எண்ணி அணைந்துகொள்ளும். உங்கள் கோட்டை 30 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது. சில பவர் பேங்க்குகளில் இயர்போனுக்கென்று குறைந்த மின்னோட்ட நிலை இருக்கும், அதைப் போடுங்கள். இல்லையென்றால் போன் சார்ஜரே மேல்.

பட்டன் செல் இருக்கும் மூடியைத் திருகாணி போட்டு மூடுங்கள். குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

வீட்டில் கிடக்கும் சீரியல் செட்டை வெட்டிப் போடலாமா?

கூடாது. திருவிழாவுக்குப் போடும் சீரியல் செட் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுகிறது. அதன் எந்த ஒரு பல்பின் காலைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். மேசை விளையாட்டுத் துண்டுக்குள் 230 வோல்ட் போகவே கூடாது. பழைய செட்டைப் பிளக்கிலிருந்து பிடுங்கி, எல்இடிகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, பட்டன் செல்லில் தொட்டுப் பார்த்து எரிவதை மட்டும் பயன்படுத்தலாம்.

தீப்பந்தம் துடிப்பதுபோல எரிய என்ன வழி?

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் பாத்திரக் கடை, ஃபேன்சி ஸ்டோர் எல்லாவற்றிலும் பேட்டரி அகல்விளக்கு வந்து குவியும். அதைப் பிரித்தால் உள்ளே துடிக்கும் எல்இடி ஒன்று, பட்டன் செல் பிடிப்பான் ஒன்று, சுவிட்ச் ஒன்று. தனித்தனியாக வாங்குவதைவிட இது மலிவு. துடிப்பை உண்டாக்கும் சில்லு அந்த எல்இடிக்குள்ளேயே இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம்: துடிக்கும் எல்இடியோடு சாதாரண மஞ்சள் எல்இடியைத் தொடராக இணைத்தால் இரண்டும் சேர்ந்து துடிக்கும். நான்கு பென்சில் செல், 100 ஓம் ரெசிஸ்டர். ஆனால் ஒரே அறையில் நான்கு பந்தமும் ஒரே தாளத்தில் துடித்தால் பொய்யென்று உடனே தெரிந்துவிடும். இரண்டு துடிக்கட்டும், இரண்டு நிலையாக எரியட்டும்.

மினியின் கையில் இருக்கும் பந்தத்துக்கு 0805 அளவு (ஏறத்தாழ 2 மி.மீ. நீள) சிப் எல்இடியும் முடிபோன்ற கம்பியும் வேண்டும். மோட்டார் காயில் கட்டும் கடையில், சீலிங் ஃபேனுக்குச் சுற்றும் 36 கேஜ் செம்புக் கம்பி கேளுங்கள். தடிமன் 0.19 மி.மீ.தான், இரண்டு மீட்டர் துண்டு போதும். கம்பிமேல் எனாமல் பூச்சு இருக்கும். முனையில் 3 மி.மீ. நீளத்துக்குப் பிளேடால் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது. "சால்டர் உருண்டு விழுகிறது" என்பவர்கள் சுரண்ட மறந்தவர்கள்.

நம் பக்கத்துக் காட்சி ஏதாவது செய்யலாமா?

செய்யவேண்டும். வெளிநாட்டுப் பெட்டியில் உள்ள இடிந்த கோபுரத்தையே எல்லாரும் நகலெடுக்க, நமக்குப் பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்டத்தில், மல்லசந்திரம் கல்திட்டைகள் இருக்கின்றன. பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே மூடுகல், ஒரு பலகையில் வட்டத் துளை. அந்தத் துளை வழியே மங்கலான வெளிச்சம் கசிந்தால் விளையாடுபவர்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

செய்முறை: 5 மி.மீ. சன்போர்டில் (பெயர்ப்பலகை செய்யும் பிளாஸ்டிக் நுரைப் பலகை) 100 மி.மீ. சதுர அடித்தட்டு வெட்டி, அடியில் நாலாபக்கமும் 12 மி.மீ. உயரச் சட்டம் ஒட்டுங்கள். பட்டன் செல் பிடிப்பானும் சுவிட்சும் அந்த இடைவெளியில் உட்காரும். 8 மி.மீ. எக்ஸ்பிஎஸ்ஸில் 40 மி.மீ. அகலம், 32 மி.மீ. உயரத்தில் நான்கு பலகைகள். விளிம்புகளைக் கத்தியால் நேராக விடாமல் கையால் சற்றே பிய்த்துவிடுங்கள். ஒரு பலகையில் 10 மி.மீ. துளை. பலகைகளை முனைக்கு முனை பெட்டிபோல நிறுத்தாமல், ஒவ்வொன்றின் ஒரு முனையும் அடுத்ததைத் தாண்டிச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றி நிறுத்துங்கள். பழையவர்கள் பல இடங்களில் அப்படித்தான் நிறுத்தினார்கள், பலகைகள் ஒன்றையொன்று தாங்கும். நமக்கு இன்னொரு லாபம், மூலை இடுக்கில் வெளிச்சம் கசியாது.

எல்இடியைத் துளைக்கு நேராக வைத்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. துளையில் குனிந்து பார்த்தால் கண் கூசும், பல்பு தெரியும், மாயம் போய்விடும். தரையில் 6 மி.மீ. ஓட்டை போட்டு எல்இடியின் தலை தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும்படி இறக்கி, பின்பலகை பக்கம் சாய்த்துவிடுங்கள். பின்பலகையின் உட்புறத்துக்கு மட்டும் சந்தன நிறம், மற்றவற்றுக்குக் கறுப்பு. வெளிச்சம் பின்சுவரில் பட்டுத் திரும்பித் துளைக்கு வரும். எல்இடிமேல் ஆரஞ்சு செலோஃபேன் தாள் ஒரு சுற்று. மூடுகல் 60க்கு 60 மி.மீ. அதை ஒட்டாதீர்கள், சும்மா வையுங்கள். என்றாவது எல்இடி மாற்றவேண்டி வரும்.

வெளிப்புறத்துக்கு அடர் சாம்பல் பூசி, காய்ந்ததும் வெளிர் சாம்பலையும் துளி இளஞ்சிவப்பையும் உலர் பிரஷ்ஷால் தேய்த்தால் நம் ஊர்ப் பாறை நிறம் வந்துவிடும். நேரில் போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படம் எடுங்கள், அளவெடுங்கள், ஆனால் அங்கிருந்து ஒரு கல்லோ பாசியோ எடுத்து வரவேண்டாம். அவை இறந்தவர்களின் இடங்கள். நம் பக்கத்து நடுகற்களில் பலவற்றுக்கு இன்றும் பூசை நடக்கிறது.

ஒகேனக்கல் மாதிரி அருவி, அடியில் நீல வெளிச்சத்தோடு?

கண்ணாடி ஒட்டும் நிறமற்ற சிலிக்கான் டியூப் வாங்குங்கள். பாலித்தீன் தாளில் 2 மி.மீ. கனத்துக்குத் தடவி, பல்குத்தும் குச்சியால் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுங்கள். 24 மணி நேரம் கழித்து உரித்தால் நீர்ப்படலம் தயார். சிலிக்கான்மேல் பெயிண்ட் பிடிக்காது, அருவி நுரையின் வெள்ளை வேண்டுமென்றால் ஈரமாக இருக்கும்போதே பஞ்சு இழைகளைப் பதித்துவிடுங்கள். எல்இடி படலத்துக்குப் பின்னால், அருவி விழும் அடியில் மேல்நோக்கி இருக்கட்டும். நடுவில் பட்டர் பேப்பர் ஒரு துண்டு வைத்தால் வெளிச்சம் புள்ளியாகத் தெரியாமல் பரவும்.

சுவர் வழியாகவே வெளிச்சம் தெரிகிறதே?

நுரை ஒளியை விடும். உட்புறம் கறுப்பு இரண்டு பூச்சு, அதன்மேல் அலுமினிய டேப். டேப் வெளிச்சத்தைத் திருப்பியும் அனுப்பும். ஆனால் அலுமினியம் மின்கடத்தி, தோலுரித்த கம்பி அதில் பட்டால் ஷார்ட் ஆகும். கம்பி ஓடும் வழியெல்லாம் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

மினி ஒரு கட்டத்தில் வந்து நின்றதும் விளக்கு தானாக எரியுமா?

எரியும். தரைக்கு அடியில் ரீட் சுவிட்ச் (கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு உலோக நாக்குகள், காந்தம் வந்தால் ஒட்டி மின்சாரத்தை விடும்), மினியின் அடித்தட்டில் 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனக் காந்தம். இடையில் 3 மி.மீ. நுரை இருந்தாலும் வேலை செய்யும். கட்டத்தின் நடுவில் சுவிட்சின் நடுப்பகுதியை வைத்துவிட்டு "எரியவில்லை" என்பார்கள். வட்டக் காந்தம் சுவிட்சின் நட்டநடுவில் நின்றால் இரண்டு நாக்குகளையும் ஒரே மாதிரி காந்தமாக்கும், அவை ஒட்டிக்கொள்ளாது. சுவிட்சின் ஒரு முனை கட்டத்தின் நடுவுக்கு வரும்படி தள்ளி வையுங்கள். அதன் காலை மடக்கும்போது கண்ணாடிக்கு அருகில் குறடால் பிடித்துக்கொண்டு மடக்குங்கள், இல்லையென்றால் கண்ணாடி விரிசல் விடும்.

காந்தத்தையே கம்பி இணைப்பாக வைக்க நினைப்பவர்கள் அதன்மேல் நேராகச் சால்டர் வைக்க வேண்டாம். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கும்.

ராகியைக் கூழாங்கல்லாக ஒட்டலாமா?

பார்க்க அருமையாக இருக்கும். மூன்று மாதத்தில் வண்டு வந்துவிடும், பின்னாலேயே எலியும் வரும், எலி வந்தால் கம்பியும் போகும். கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்து மேலே நிற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புல்லுக்கு, மரம் அறுக்கும் மில்லின் தூளை அக்ரிலிக்கில் பிசைந்து உலர்த்தினால் போதும். ஒட்ட, ஃபெவிக்காலும் தண்ணீரும் சமபங்கு, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை முத்துமுத்தாக நின்று தூளை இடம்பெயர்த்துவிடும்.

நேற்று எரிந்தது, இன்று எரியவில்லை. எங்கே தேடுவது?

முதலில் செல்லையும், அதன் பிடிப்பான் ஸ்பிரிங்கில் வெண்பூ பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அடுத்தது சுவிட்ச். மூன்றாவது, கம்பி வளையும் இடத்தில் உள்ள சால்டர் மூட்டு. மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வைத்துக் கம்பியை ஆட்டிப் பார்த்தால் பீப் விட்டுவிட்டு வரும். எல்இடி தானாகச் சாவது அரிது. செத்திருந்தால் பெரும்பாலும் மூன்று விநாடிக்குமேல் சால்டர் இரும்பு பட்டிருக்கும், அல்லது ரெசிஸ்டர் இல்லாமல் எரிந்திருக்கும். மூட்டைப் பற்றவைக்கும் முன்பே ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூடு பட்டால் சுருங்கி மூட்டை மூடும் குழாய்) கம்பியில் கோத்துவிடுங்கள். பற்றவைத்த பிறகு கோக்க வழியில்லை.

ஓசூரிலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் எடுத்துப் போகலாமா?

போகலாம். பேட்டரியைக் கழற்றித் தனிப்பையில் வையுங்கள். துண்டுகளைப் பழக்கூடைக்குள் பழைய துணி சுற்றி அடுக்கினால் ஆட்டம் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் பூட்டிய காருக்குள் மட்டும் விட்டுப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் முதலில் சூட்டுப் பசை இளகும், பிறகு மெல்லிய நுரைப் பலகை வளையும். வளைந்ததைச் சரிசெய்ய முடியாது. பசை விட்ட மூட்டைப் பிரித்து, பல்குத்தும் குச்சி செருகி, ஃபெவிக்காலால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.